பித்தளை வாங்கும் முன் ஈயம் பூசுபவரைத் தேடுங்கள்

பழைய பித்தளைப் பாத்திரம் வாங்கலாமா என்று யாராவது கேட்டால் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் ஊரில் பாத்திரத்தின் உட்புறத்தில் ஈயம், அதாவது வெள்ளீயம், பூச ஆள் இருக்கிறாரா? இருந்தால் தாராளமாக வாங்கலாம். இல்லாவிட்டால் அதில் தண்ணீர் ஊற்றி நாலு பூவை மிதக்கவிட்டு வாசலில் வைக்கத்தான் ஆகும். அதிலும் தப்பில்லை, ஆனால் அதற்கு ஒரு மண் தொட்டியே போதும்.

எனக்கு இந்தப் பித்து அம்மாவின் பரணிலிருந்து வந்தது. கும்பகோணம் பக்கத்தில் இருந்த வீட்டை விற்கும்போது பரணைக் காலி செய்தோம். குடங்கள், தவலை, வெண்கலப் பானை, உருளி, கூஜா, மூடியில்லாத தூக்கு, தாம்பாளம், ஈயச் சொம்பு, காது ஆடும் ஓர் அண்டா என்று எல்லாம் கருத்துப்போய் இறங்கின. அண்ணன் மொத்தமாக எடைக்குப் போட்டுவிடலாம் என்றான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சொல்லவும் முடியாது. இதே சீர்ப் பாத்திரங்களில் பாதியை எழுபதுகளில் எவர்சில்வருக்கு மாற்றியது அவள்தானே! தெருவில் சைக்கிளில் வருபவரிடம் ஒரு பித்தளைத் தவலையைக் கொடுத்து நாலு எவர்சில்வர் டப்பா வாங்குவது அன்றைக்குச் சாமர்த்தியம். புளி போட்டுத் தேய்க்க வேண்டாம், ஈயம் பூச வேண்டாம், தூக்கும்போது இடுப்பு பிடிக்காது. அதை அறியாமை என்று இன்று எழுதுபவர்கள் யாரும் அந்த அண்டாவைத் தினமும் தேய்த்தவர்கள் இல்லை.

மிச்சம் இருந்ததை நான் எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டபின்தான் இது பாத்திரம் மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை என்று புரிந்தது. பித்தளைப் பாத்திரத்துக்குப் பின்னால் மூன்று நாலு தொழில்கள் இருக்கின்றன: வார்ப்பவர், தட்டுபவர், பற்றவைப்பவர், ஈயம் பூசுபவர். இதில் கடைசி ஆள் இல்லையென்றால் முதல் மூவரின் வேலையும் சமையலறைக்குள் வர முடியாது.

காரணம் எளிது. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும். புளி, மோர், தக்காளி, எலுமிச்சை என்று நாம் சமைப்பதில் பாதி புளிப்பு. புளிப்பு செம்பைக் கரைக்கும். பாத்திரத்தில் பச்சையாகப் படியும் களிம்பு கண்ணுக்குத் தெரிவது. குழம்பில் கரைந்தது தெரியாது. வாந்தி, வயிற்றுவலி வரைக்கும் கொண்டுபோகும். ஈயம் பூசாத செம்பு, பித்தளைப் பாத்திரங்கள் உணவுக்கு ஆகாது என்று 1955-ஆம் ஆண்டின் உணவுக் கலப்படத் தடை விதிகளே சொல்லியிருந்தன. பால் விஷயம் இன்னும் கவலைக்குரியது. கைக்குழந்தைகளுக்கு வரும் ஒருவகைக் கல்லீரல் சுருக்க நோய்க்கும், பித்தளை, செம்புப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்த பாலில் இறங்கும் செம்புக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எண்பதுகளில் புனேயில் மருத்துவர்கள் காட்டினார்கள். பாத்திரத்தை மாற்றச் சொன்னபின் அந்த நோய் வெகுவாகக் குறைந்தது. ஆகவே "அந்தக் காலத்தில் எல்லாரும் பித்தளையில்தான் சாப்பிட்டார்கள், நூறு வயது வாழ்ந்தார்கள்" என்று யாராவது ஆரம்பித்தால் நான் எழுந்து போய்விடுவேன். அந்தக் காலத்தில் ஈயம் பூசிய பித்தளையில் சாப்பிட்டார்கள். ஈயம் போன பாத்திரத்தை ஓரமாக எடுத்துவைக்கும் பாட்டி ஒவ்வொரு வீட்டிலும் இருந்தாள்.

சரி, ஆளை எங்கே தேடுவது? "ஈயம் பூசலையோ ஈயம்" என்ற குரல் தெருவில் நின்று வெகுகாலம் ஆகிறது. பாத்திரக் கடையில் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். அவர்களுக்குப் புதுப் பாத்திரம் விற்க வேண்டும். நான் கண்டுபிடித்த வழி, பெரிய பாத்திரத்தில் சமைப்பவர்களைக் கேட்பது. கல்யாணச் சமையல் காண்ட்ராக்டர், கோயில் மடைப்பள்ளி, பிரியாணி மாஸ்டர். செம்பு தேக்சா வைத்திருக்கும் பிரியாணிக் கடைக்காரருக்கு ஈயம் பூசுபவர் கட்டாயம் தெரிந்திருக்கும். எனக்கும் அப்படி ஒரு பிரியாணி மாஸ்டர்தான் ஈயம் பூசும் பாயின் நம்பரைக் கொடுத்தார். கலாய்க்காரர் என்று சொல்லித்தான் கொடுத்தார். அந்தப் பக்கத்தில் ஈயம் பூசுவதைக் கலாய் பூசுவது என்றும் சொல்வார்கள்.

பாய் வேலை செய்வதை ஒருமுறையாவது கூட உட்கார்ந்து பார்க்க வேண்டும். தரையில் சின்னக் குழி, அதில் அடுப்புக்கரி, பக்கவாட்டில் கையால் சுற்றும் காற்றாடி. அவருடைய அப்பா காலத்தில் தோல் துருத்தி இருந்ததாம். முதலில் பாத்திரத்தின் உட்புறத்தைத் திராவகம் தடவி, மணல் போட்டுத் தேய்த்து, பித்தளை மஞ்சளாகப் பளிச்சிடும்வரை சுத்தம் செய்கிறார். பெரிய அண்டா என்றால் அந்தக் காலத்தில் உள்ளே இறங்கி நின்று, காலடியில் மணலும் சாக்கும் போட்டு இடுப்பை இப்படியும் அப்படியும் திருப்பித் தேய்ப்பார்களாம். பாதி வேலை இந்தச் சுத்தம்தான். ஒரு விரல் அகலத்துக்கு எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் அந்த இடத்தில் ஈயம் ஒட்டாது.

அப்புறம் பாத்திரத்தைக் கரியின் மேல் வைத்துச் சுற்றிச் சுற்றிச் சூடேற்றுகிறார். நவச்சாரப் பொடியை ஒரு சிட்டிகை தூவுகிறார். குப்பென்று வெள்ளைப் புகை, மூக்கில் ஏறும் கார நெடி. சூட்டில் பித்தளையின் மேல் உடனுக்குடன் படியும் துருப்படலத்தை நவச்சாரம் தின்றுவிடும். அந்தச் சில நொடிகளுக்குள் ஈயக் குச்சியை வைத்து ஒரு கீறு. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகும் என்பதால் தொட்ட இடத்தில் துளியாக நிற்கும். பஞ்சை எடுத்து ஒரே வீச்சில் துடைக்கிறார். மஞ்சள் பாத்திரம் கண் முன்னால் வெள்ளியாகிறது. எத்தனை தரம் பார்த்தாலும் அந்த ஒரு வீச்சு எனக்கு அலுக்கவில்லை. கடைசியாக வாளித் தண்ணீரில் ஒரு முக்கு.

"சூடு கம்மின்னா ஈயம் கட்டி கட்டியா நிக்கும். ஜாஸ்தின்னா நீலமா, மஞ்சளா ஓடிப்போயிரும். கண்ணுதாம்மா அளவு" என்றார் பாய். பூசி வந்ததும் நான் பார்ப்பதும் அதைத்தான். உட்புறம் முழுக்க ஒரே நிறமாக, துடைத்த தடம் மெலிதாகத் தெரியும்படி இருந்தால் நல்ல வேலை. கண்ணாடி மாதிரி வழவழப்பை எதிர்பார்க்கக் கூடாது.

இங்கே கவனிக்க வேண்டியது ஈயத்தின் தரம். பூச வேண்டியது வெள்ளீயம். காரீயம் விஷம், ஆனால் விலை பல மடங்கு மலிவு, அதுவும் எளிதில் உருகும், அதுவும் வெளுப்பாகத்தான் இருக்கும். அதனால் கலக்கும் ஆசை எங்கும் உண்டு. ஈயக் குச்சியை வெள்ளைத் தாளில் தேய்த்துப் பாருங்கள். காரீயம் பென்சில் போலச் சாம்பல் கோடு போடும். நல்ல வெள்ளீயம் அப்படிக் கோடு போடாது. குச்சியைக் காதருகே வைத்து வளைத்தால் சுத்தமான வெள்ளீயம் கறகறவென்று சன்னமாக முனகும். காரீயம் சத்தமில்லாமல் மடங்கும். பாயே இதை எனக்குச் செய்து காட்டினார், அதிலேயே அவர் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. கேட்டால் முகம் சுளிப்பவரிடம் கொடுக்காதீர்கள். ஈயத்துக்குத் தனிக் காசு, கூலிக்குத் தனிக் காசு என்று பிரித்துக் கொடுப்பது நல்லது. மொத்தமாகப் பேரம் பேசி அடித்துக் குறைத்தால் குறைவது ஈயம்தான்.

இதே சோதனை முழுக்க வெள்ளீயத்தால் செய்த ஈயச் சொம்புக்கும் பொருந்தும். கும்பகோணத்துக் கடைத்தெருவில் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. ஈயச் சொம்பு ரசத்தின் வாசனையைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பரணில் கிடைத்த பழைய சொம்பு, கடையில் மலிவாகக் கிடைத்த சொம்பு இரண்டையும் தாளில் தேய்த்துப் பார்க்காமல் புளித்தண்ணீர் ஊற்றாதீர்கள். அடுப்பில் வைக்கும் முன் உள்ளே ரசம் இருக்க வேண்டும். வெறும் சொம்பை வைத்துவிட்டுப் போன் எடுக்கப் போனால் திரும்பி வரும்போது பர்னரில்தான் சொம்பு இருக்கும்.

ஈயம் பூசிய பித்தளைக்கும் அதே 232 டிகிரிதான் எல்லை. தண்ணீர் இருக்கிறவரை பாத்திரம் 100 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும், ஈயத்துக்கு ஆபத்தில்லை. சாதம், சாம்பார், பாயசம், பருப்பு எல்லாம் சரி. தாளிப்பு, வறுவல், வெறும் பாத்திரத்தைக் காயவைப்பது கூடாது. நான் தாளிப்பை இரும்புக் கரண்டியில் தனியாகச் செய்து கொட்டிவிடுவேன். மரக் கரண்டி, தேங்காய் நார் போதும்; கம்பி நார் ஈயத்தைச் சுரண்டி எடுத்துவிடும். அடியில் மஞ்சளோ சிவப்போ எட்டிப் பார்க்க ஆரம்பித்தால் மறுபடி பாய். தினமும் புழங்கும் பாத்திரம் ஒரு வருஷம் தாங்கினால் நல்லது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெண்கலத்தின் கதை வேறு. செம்போடு துத்தநாகத்துக்குப் பதில் வெள்ளீயம் கலந்தது. வெண்கலப் பானைக்கு யாரும் ஈயம் பூசுவதில்லை. பொங்கலும் அரிசி உப்புமாவும் அதில் செய்தால்தான் உண்டு. உப்புமாவின் அடியில் பிடிக்கும் பொன்னிறக் காந்தலுக்கு எங்கள் வீட்டில் இப்போதும் சண்டை நடக்கும். ஆனால் அதிலும் செம்புதான் பெரும்பங்கு. புளிக்குழம்பைச் செய்து இரவு முழுக்க விட்டுவைக்கக் கூடாது.

பித்தளையா வெண்கலமா என்று கண்டுபிடிக்கக் கடைக்காரரின் வாக்கை நம்ப வேண்டாம். பாத்திரத்தை விரல்நுனியில் தொங்கவிட்டு முட்டியால் தட்டுங்கள். வெண்கலம் மணி போல நீளமாக ஒலித்து அடங்கும். பித்தளை சட்டென்று நின்றுவிடும். விரிசல் விட்ட வெண்கலம் கரகரக்கும். கண்ணுக்குத் தெரியாத கீறலைக்கூடக் காது பிடித்துவிடும். வெண்கலத்தில் வெள்ளீயம் கூடக் கூட ஒலி கூடும், உடையும் குணமும் கூடும். பித்தளைக் குடம் கீழே விழுந்தால் நசுங்கும். வெண்கல உருளி விழுந்தால் இரண்டாகப் போகலாம். காய்ந்த வெண்கலப் பானையில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினாலும் அதே கதிதான்.

வெள்ளீயம் மிகுந்த வெண்கலத்தைச் செந்தணலாகக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் உறுதி கூடும். தானாக ஆறவிட்டால் நொறுங்கும். எஃகை இப்படி முக்கினால் நொறுங்கும் குணம் வரும். வெண்கலம் அதற்கு நேர் எதிர். இந்த சூட்சுமம் தெரிந்ததால்தான் ஒடிசாவின் பாலகாட்டியிலும் வங்காளத்திலும் கான்சா எனப்படும் மெல்லிய வெண்கலத் தட்டுகளை அடித்து எடுக்க முடிகிறது. தெற்கிலும் இது புதிதல்ல. தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆதிச்சநல்லூரில் தோண்டியெடுத்த வெண்கலப் பொருள்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. மூடிகளின் மேல் விலங்குகளும் பறவைகளும் நிற்கும். சென்னை போனால் ஒரு நடை போய்ப் பாருங்கள். கேரளத்து மான்னாரில் இன்றும் மெழுகு அச்சு எடுத்து உருளி வார்க்கிறார்கள். ஆறன்முளைக் கண்ணாடியும் வெள்ளீயம் மிகுந்த வெண்கலம்தான், மெருகேற்றி மெருகேற்றி முகம் பார்க்கும் அளவுக்குக் கொண்டுபோனது.

இனி வாங்கும் கதை. பரணில் இல்லாதவர்களும், என்னைப் போல இருந்தும் அடங்காதவர்களும், போகும் இடம் காரைக்குடி. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளில் பெண்ணுக்குப் பாத்திரம் பண்டம் வைத்துக் கொடுத்த அளவு அப்படி. வீடு பங்காளிகளுக்குள் பிரியும்போது சாமான்கள் இங்கே வந்து சேரும். நிறைய பாத்திரங்களின் விளிம்பில் குடும்பத்தின் விலாசம், அதாவது பெயர்களின் முதலெழுத்துகள், வெட்டியிருக்கும்.

அந்தக் கடைகளில் நான் முதலில் பார்ப்பது பாத்திரத்தின் அடி. மேலே எவ்வளவு மினுக்கினாலும் வருஷக்கணக்காக நெருப்பைத் தின்றது அடிப்பாகம்தான். கட்டைவிரலால் அழுத்தினால் உள்வாங்குகிறதா? பாத்திரத்தின் வாயை நம் முகத்தின் பக்கம் வைத்து வெயிலை நோக்கித் தூக்கினால் ஊசிமுனையாக வெளிச்சம் தெரிகிறதா? தெரிந்தால் அது அலங்காரத்துக்கு. அடுத்து இணைப்பு. பழைய குடங்களை ஒரே தகட்டில் செய்ய முடியாது. மேல் பாதியும் கீழ் பாதியும் தனித்தனியாகத் தட்டி, ஓரத்தைப் பல் பல்லாக வெட்டி ஒன்றுக்குள் ஒன்றைக் கோத்து, வெங்காரமும் பித்தளைப் பொடியும் வைத்துப் பற்றவைத்திருப்பார்கள். வயிற்றைச் சுற்றி அந்தப் பற்கள் சற்றே வேறு மஞ்சளில் தெரியும். அது குறை என்று நினைத்து விலையைக் குறைக்கச் சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதுதான் குடத்தை எடுக்கவே காரணம். மாறாக இணைப்பில் சாம்பல் நிறத்தில் திட்டுத் திட்டாக வழிந்திருந்தால் காரீயப் பற்று வைத்துப் பின்னால் யாரோ ஒக்கிட்டது. அந்தப் பாத்திரத்தில் தண்ணீர் குடிக்கவும் வேண்டாம்.

உட்புறம் முழுக்க ஒரே சீரான வட்ட வட்டக் கோடுகள் ஓடினால் தகட்டை இயந்திரத்தில் சுழற்றி அழுத்திய புதுச் சரக்கு. திராவகத்தில் நனைத்துக் கருக்கினால் ஒரே வாரத்தில் நூறு வயது ஆகிவிடும். சுத்தியலால் தட்டியது என்றால் விரலுக்குத் தெரியும், வெளிச்சத்தில் சாய்த்தால் கண்ணுக்கும் தெரியும். ஒரு சின்னக் காந்தம் பையில் இருக்கட்டும். பித்தளை பூசிய இரும்பு அதில் ஒட்டிக்கொள்ளும்.

விளிம்பில் வெட்டிய பெயரை நான் நிதானமாகப் படிப்பேன். உளியால் புள்ளி புள்ளியாகக் குத்தி எழுதியது பழையது, எலெக்ட்ரிக் பேனாவால் கீறியது பின்னால் வந்தது. ஆனால் புள்ளி எழுத்தையும் நேற்று வெட்டியிருக்கலாம். விரலால் தடவுங்கள். ஐம்பது அறுபது வருஷம் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்த எழுத்தின் ஓரம் மழுங்கியிருக்கும். புதிதாக வெட்டியது நகத்தைப் பிடிக்கும். அடுத்தவர் பெயர் போட்ட பாத்திரம் வீட்டுக்கு ஆகாது என்று என் அத்தை சொல்வாள். அவளிடம் காட்டாமல் வைத்துக்கொள்கிறேன்.

கழுத்தைப் பார்ப்பதை மறக்காதீர்கள். குடத்தின் கழுத்திலும் விளிம்பிலும் செங்குத்தாக மயிரிழைக் கீறல்கள் இருக்கலாம். கீழே போட்டதால் வந்தது என்று கடைக்காரர் சொல்வார். பெரும்பாலும் போடாமலேயே வரும். தகட்டைத் தட்டித் தட்டி வளைக்கும்போது உள்ளே ஓர் இறுக்கம் தங்கிவிடும். இறுக்கம் தங்கிய பித்தளைக்கு அம்மோனியாவும் ஈரமும் எமன். பிரிட்டிஷ் ராணுவம் இந்தியாவில் குதிரை லாயங்களுக்குப் பக்கத்தில் தோட்டாக்களை அடுக்கி வைத்திருந்தது. மழைக்காலம் வந்தால் அவற்றின் பித்தளை உறைகள் தாமாக விரிசல் விடும். குதிரை மூத்திரத்தின் அம்மோனியாதான் காரணம் என்பது 1921-ல் தெளிவானது. வளைத்து முடித்த பித்தளையை மிதமாகச் சூடாக்கி ஆறவிட்டால் இறுக்கம் தளர்ந்துவிடும் என்பதும் அப்போது உறுதியானது. நம் பட்டறைக்காரர்கள் தட்டும்போது நடுநடுவே காய்ச்சி ஆறவிட்டுத்தான் மறுபடி தட்டுவார்கள். அவசரத்தில் கடைசிக் காய்ச்சலை விட்டுவிட்டால் குடம் இருபது வருஷம் கழித்துக் கழுத்தில் கணக்குத் தீர்க்கும். ஆகவே மாட்டுக்கொட்டில், கழிவறை இவற்றின் பக்கத்தில் பித்தளையை அடுக்காதீர்கள். கடையில் விற்கும் திரவப் பாலிஷ்களில் சிலவற்றில் அம்மோனியா உண்டு. போட்டால் நன்றாகக் கழுவித் துடைத்துவிடுங்கள்.

தேய்ப்பதற்கு எனக்கு இன்றும் புளிதான். வீட்டில் மற்றவர்கள் பீதாம்பரி. இரண்டுமே சரி, ஊறவைப்பதுதான் தவறு. புளித்தண்ணீரில் ராத்திரி முழுக்கப் போட்டால் காலையில் மஞ்சள் பாத்திரத்தில் இளஞ்சிவப்புத் திட்டுகள் இருக்கும். மேற்பரப்பிலிருந்து துத்தநாகம் கரைந்து செம்பு மட்டும் நிற்பதுதான் அது. தடவி, தேய்த்து, ஐந்து நிமிஷத்தில் கழுவி, ஈரம் போகத் துடைத்து வெயிலில் காட்டுங்கள். சாமி விளக்குக்குக் கடைசியில் விபூதி போட்டு உலர்த் துணியால் ஒரு தேய். பழைய பாத்திரத்தின் வெளிப்புறத்தை ஒரேயடியாகக் கடைசல் இயந்திரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்காதீர்கள். சுத்தியல் தடம், எழுத்து, கொஞ்சம் கனம் எல்லாம் சேர்ந்து போய்விடும்.

நெடுஞ்சாலை முழுக்கக் கும்பகோணம் டிகிரி காபி என்று போர்டு மாட்டிப் பித்தளை டபராவில் காபி தருகிறார்களே, அந்தப் புது டபராக்களில் பல வெளியே லாக்கர் என்ற நிறமற்ற வார்னிஷ் பூசியவை. பளபளப்பு அதனால்தான். வாங்கினால் உள்ளே ஈயமோ எவர்சில்வரோ இருக்கிறதா என்று பாருங்கள். லாக்கர் உரிய ஆரம்பித்தால் திட்டுத் திட்டாகக் கருக்கும், புளிக்கு அடங்காது.

கும்பகோணத்திலிருந்து பத்து கிலோமீட்டர் போல நாச்சியார்கோயில். கல் கருடனைச் சேவிக்க வருபவர்கள் குத்துவிளக்கும் வாங்கிப் போவார்கள். அண்டாவின் காது ஆடுகிறதே, வார்த்துப் போட முடியுமா என்று கேட்கத்தான் அங்கே ஒரு பட்டறைக்குப் போனேன். விளக்கு எப்படிப் பிறக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தேன். விளக்கு ஒரே வார்ப்பு இல்லை. பாதம், தண்டு, தட்டு, தலைப்பில் அன்னம் என்று தனித்தனியாக வார்த்து மரை போட்டு முடுக்குவது. பெட்டியில் காவிரியின் வண்டல் மண்ணை இறுக்கி, அச்சைப் பதித்து எடுத்து, அந்தப் பள்ளத்தில் உருகிய பித்தளையை ஊற்றுகிறார்கள். வண்டல் மாவு போல இருப்பதால் விளிம்புகள் கூர்மையாக விழும். ஆறியபின் அரத்தால் ராவுவது, கடைசல், மெருகு.

உலோகம் உருக்கும் மூசையைத் திறந்ததும் வெள்ளையாகப் புகை கிளம்பிப் பஞ்சுப் பொடியாக எங்கும் படிகிறது. பித்தளை உருகும் சூடும் துத்தநாகம் கொதிக்கும் 907 டிகிரியும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் துத்தநாகம் கொஞ்சம் ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும். நிறைய சுவாசித்தவருக்குச் சாயங்காலம் குளிரும் காய்ச்சலும் வரும், மறுநாள் போய்விடும். விலை அதிகம் என்று விளக்குக் கடையில் சலித்துக்கொள்பவர்கள் வார்ப்பு நேரத்தில் ஒருமுறை உள்ளே நிற்கட்டும்.

மூலையில் குவிந்து கிடந்த கச்சாப் பொருளைப் பார்த்தால் குடம், தாம்பாளம், நசுங்கிய கூஜா. நாம் எடைக்குப் போட்டவை. பெரியவர் ஒருவர் என் பார்வை போன இடத்தைக் கவனித்துவிட்டு, "இதெல்லாம் எங்க தாத்தா மாதிரி ஆளுங்க தட்டுனதும்மா. இப்ப தட்ட யாரும் இல்ல, வார்க்கத்தான் ஆள் இருக்கு" என்றார். தகட்டுப் பாத்திரம் எல்லாம் இயந்திரத்துக்கும், உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்துக்கும் போய்விட்டது. பஞ்சாபில் அமிர்தசரஸ் பக்கத்து ஜண்டியாலா குருவில் தட்டேராக்கள் என்ற கைவினைஞர்கள் பித்தளை, செம்புப் பாத்திரம் தட்டும் கலையை 2014-ல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்தது. பாத்திரம் செய்யும் கன்னார் இருந்த நம் பக்கத்துக் கன்னார் தெருக்களில் பெயர்ப் பலகை மட்டும் இருக்கிறது. அண்டாவின் காதை அவர் வார்க்கவில்லை. பழைய காதையே ஆணி மாற்றி அறைந்து கொடுத்தார். புதுக் காது எதற்கு, இது நல்ல உலோகம் என்றார்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பாட்டியின் பாத்திரத்தை அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த கைவினைப் பொருள்களைத் தனியார் நாட்டுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. சுங்கத்தில் சந்தேகம் வந்தால் அது தொல்பொருள் அல்ல என்று தொல்லியல் துறையின் சான்று கேட்பார்கள். "நூற்றைம்பது வருஷப் பழசு" என்று கடைக்காரர் பெருமையாக எழுதிக்கொடுத்த ரசீது அந்த இடத்தில் உங்களுக்கு எதிராகவே பேசும். ஆண்டு வெட்டிய பாத்திரமாக இருந்தால் அந்த எழுத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் தவலையில் 1964 என்றிருக்கிறது, அதற்குப் பிரச்சினை இல்லை.

பாய்க்கு வயதாகிறது. ஒரு சொம்புக்காகக் கரி மூட்டுவது அவருக்குக் கட்டுப்படியாகாது, நமக்கும் ஆட்டோ கூலி கட்டாது. அதனால் எங்கள் தெருவில் நாலைந்து வீடு சேர்ந்து பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் அவரை வரவழைக்கிறோம். மார்கழி கடைசி வாரம் வேண்டாம், கல்யாணச் சமையல்காரர்கள் தை மாதத்துக்கு அண்டா கொடுத்திருப்பார்கள் என்பதால் கார்த்திகையிலேயே சொல்லிவைக்க வேண்டும். கரியும் ஈயமும் அவர் கொண்டுவருவார். இடமும் தண்ணீரும் மதியச் சாப்பாடும் நம்முடையது. பாத்திரத்தை முந்தின நாளே சோப்புப் போட்டு எண்ணெய்ப் பசை போகக் கழுவி வைத்தால் கூலியில் கொஞ்சம் குறைப்பார். ஓட்டையை அடைக்க எம்-சீல் ஒட்டிய பாத்திரத்தை மட்டும் தொடமாட்டார். நெருப்பில் அது எரிந்து நாறும், அந்த இடத்தில் ஈயமும் ஏறாது. அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, முதலில் பற்றவைப்பவரிடம் போய்விட்டு வரச் சொல்வார்.